சூப்பர் ஹீரோ படக் காட்சியை அலசுவது எப்படி? விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதலாண்டுக்காரர்களுக்கு

முழுப் படத்தை எடுக்காதீர்கள், கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். சில நிமிடக் காட்சி ஒன்று போதும். இங்கே 2008-இல் வந்த பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’டில், பிடிபட்ட வில்லன் ஜோக்கரைக் காவல் நிலையத்தில் பேட்மேன் விசாரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்கிறேன்.

லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயர் இருந்தால் சரி. ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். மொபைல் வேண்டவே வேண்டாம், இருட்டில் இருப்பது எதுவும் அதில் தெரியாது.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் அது உணர்த்துவது என்று எழுதுங்கள். பிரெஞ்சுக் குறியியலாளர் ரோலான் பார்த் சொன்ன நேர்ப்பொருள், உட்பொருள் இவைதான்.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ‘ஜோக்கர் பயங்கரமானவன்’ என்று இடப்பக்கம் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், அது உங்கள் முடிவு. தெரிவது இவ்வளவுதான்: இருட்டறை, மேஜை விளக்கு, கலைந்த முகப்பூச்சு. போலீஸ் அதிகாரி கார்டன் வெளியே போனதும் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஜோக்கரின் முதுகுக்குப் பின்னால் பேட்மேன். இப்போது வலப்பக்கம் வாருங்கள். இருட்டிலேயே உலவும் நாயகன் ஒளிய இடமில்லாமல் வெளிச்சத்தில் நிற்கிறான். அடிப்பவன் அவன், சிரிப்பவன் வில்லன். மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸின் இருமை எதிர்வை (இருட்டு-வெளிச்சம், நாயகன்-வில்லன் போன்ற எதிர் ஜோடிகளை) பட்டியல் போட்டால் மட்டும் போதாது, அது எங்கே கலைகிறது என்று காட்டுங்கள்.

(கதை மாந்தரை நாயகன், வில்லன், உதவுபவன் என்று வகை பிரித்த ரஷ்ய ஆய்வாளர் பிராப்பின் பாத்திர வகைகளை நான் தொடுவதில்லை. பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.)

உட்பொருள் பிடிபடவில்லையா? செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சினிமாவில் வந்தாலே பண்ணையார் வீடு, பின்னாலேயே அரிவாள். கட்டியவர்களோ பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார். அதே ஷாட்டைக் காரைக்குடிக்காரர் பார்த்தால், “எங்க ஆயா வீட்டு வளவு மாதிரி இருக்கே” என்பார்.

பார்ப்பவரைப் பொறுத்துப் பொருள் மாறுவதைத்தான் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் மூன்றாகப் பிரித்தார்: ஏற்கும் வாசிப்பு, பாதி ஏற்கும் வாசிப்பு, எதிர்க்கும் வாசிப்பு. கடத்தப்பட்ட இரண்டு பேரின் உயிர் ஆபத்தில் இருக்கிறது, அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லவைக்க அடித்தது சரி என்பது முதல் வகை. லாக்கப் மரணச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு, காவல் நிலையத்துக்குள் விழும் அடி அவ்வளவு எளிதாக வீரமாகத் தெரிவதில்லை; அது இரண்டாம் வகை. எதிர்த்து வாசிப்பவருக்குப் படத்திலேயே ஆதாரம் உண்டு: அடி வாங்கிய ஜோக்கர் அந்த இருவரின் முகவரிகளையும் மாற்றிச் சொல்லிவிடுகிறான்.

பிற்சேர்க்கை: ‘மாவீரன்’ படத்தை எடுத்துக்கொண்ட சிலர், ஒலியை நிறுத்தினால் ஒன்றுமே சிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயம்தான். நாயகனுக்கு மட்டும் கேட்கும் குரல்தான் அங்கே சக்தியே. அப்படிப்பட்ட படம் என்றால் வரிசையை மாற்றி, முதல் தடவை திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நோட்டில் ஒலிக்கென்று மூன்றாவது பகுதியும் போட்டுக்கொள்ளுங்கள்.