பழைய மியாட்டாவில் பிளக் வயர் மாற்றுவது: பிளக், காயில், ஆயில் கசிவு எல்லாம் சேர்த்து

டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால் வண்டி இழுக்காமல் திணறுகிறதா? ஐடிலில் சரியாக ஓடிவிட்டு, சுமை ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறதா? 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 (இதுதான் மியாட்டா) வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக் வயரைத்தான். பெட்ரோல் பம்ப், ஏர்ஃப்ளோ மீட்டர் என்று செலவு வைக்கும் இடங்களுக்கு அதற்கப்புறம் போகலாம். என்னுடைய 1.6 வண்டியில் இந்த வேலையை முடித்த கையோடு எழுதுகிறேன்.

சுமையில் மட்டும் ஏன் மிஸ் ஆகிறது? த்ராட்டில் திறக்கத் திறக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். வயரின் உறை வெடித்திருந்தால் அந்த வோல்டேஜ் பிளக் முனை வரை போகாது, பக்கத்தில் இருக்கும் இரும்புக்கோ அலுமினியத்துக்கோ தாவிவிடும். ஈரமான நாளில் இது இன்னும் மோசமாகும். இருட்டில், திறந்தவெளியில் இன்ஜினை ஓடவிட்டு வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி பறந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது எதையும் தொடாதீர்கள், அந்த வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட்.

என்ன வாங்க வேண்டும்

வயர் ஒரு செட், பிளக் நான்கு. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், காரணம் கீழே வருகிறது. வயரில் என் தேர்வு என்ஜிகே கம்பெனியுடையது. கலர் கலராக வரும் தடித்த வயர்களால் இந்த இன்ஜினுக்கு ஒரு பலனும் கிடையாது. உள்ளே வெறும் செம்புக் கம்பி இருக்கும் வயர் வேண்டவே வேண்டாம். ரேடியோவில் இரைச்சல் கிளப்புவதோடு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகும் சென்சார் சிக்னலையும் அது குழப்பும்.

பிளக் பிகேஆர்5ஈ-11 அல்லது பிகேஆர்6ஈ-11. கடைசியில் உள்ள 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளி. நடுவில் உள்ள எண் வெப்ப அளவு. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. அடிக்கடி உச்ச ஆர்பிஎம்மில் ஓட்டுபவருக்கு 6, மற்றவர்களுக்கு 5 போதும்.

டூல்ஸ்: உள்ளே ரப்பர் பிடி உள்ள 16 எம்எம் பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ், டார்ச். டார்க் ரெஞ்சை மட்டும் தவிர்க்காதீர்கள். ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பல மடங்கு.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம்

இந்த வண்டியில், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பை) ஒட்டி, பொறிக்கான உயர் வோல்டேஜை உருவாக்கும் ஒரு காயில் பேக் இருக்கிறது. அதற்குள் இரண்டு காயில். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3க்கு. ஒரு காயில் அடிக்கும்போது அதன் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் பொறி வரும். ஒன்று பெட்ரோலை எரிக்கும், இன்னொன்று எக்ஸாஸ்ட் வெளியேறும் நேரத்தில் சும்மா அடித்துவிட்டுப் போகும்.

இது தெரிந்தால் பல குழப்பம் தீரும். 1ஐயும் 4ஐயும் காயிலில் இடம் மாற்றிச் சொருகினாலும் இன்ஜின் ஓடும். 1ஐயும் 2ஐயும் மாற்றினால் ஓடாது, அல்லது வெடித்துக்கொண்டு ஓடும். இரண்டு பிளக்கும் ஒரே சுற்றில் இருப்பதால் ஒரு வயர் அறுந்தால் அதன் ஜோடி சிலிண்டரும் மிஸ் அடிக்கலாம். 1, 4 இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் உடனே காயிலைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் வயரை அளந்து பாருங்கள். இன்னொன்று: ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடு முனையிலிருந்து வெளியே போகும், மற்றதில் தலைகீழாக. அதனால் நடு முனையில் மட்டும் பிளாட்டினம் வைத்த பிளக் இதற்குப் பொருந்தாது. சாதாரண நிக்கல் பிளக்கை நேரத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தால் போதும் என்பது என் முடிவு.

கழற்றுவது

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எல்லா வயரையும் ஒரே நேரத்தில் உருவாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். முதல் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பதால் அதன் வயர்தான் நீளம், நான்காவதன் வயர் குட்டை. புதியவற்றை நீளப்படி அடுக்கி வைத்துக்கொண்டால் எது எங்கே என்பது தானாகவே புரியும்.

பிளக் பக்கம் சுலபம். வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), பிடித்துத் திருகி மேலே தூக்க வேண்டும்.

கஷ்டம் காயில் பக்கம். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இங்கேதான். கண்ணுக்குத் தெரியாது, கை பாதிதான் நுழையும், பல வருடச் சூட்டில் ரப்பர் காயில் முனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காயிலைக் கழற்ற வேண்டியதில்லை. பூட்டை இடமும் வலமும் அரைச் சுற்று மாறி மாறித் திருகுங்கள். ஒட்டு விட்டதும் கைக்கே தெரியும், பூட் வழுக்கிச் சுழல ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு நேராக இழுங்கள், சாய்த்து இழுத்தால் காயிலின் பிளாஸ்டிக் முனை விரிசல் விடும். அசையவே இல்லையென்றால் பூட்டின் வாயில் கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள்.

வயர் வந்ததும் போன் கேமராவை உள்ளே நீட்டி காயில் முனையைப் படம் எடுங்கள். பித்தளை மினுங்கினால் நல்லது. பச்சையாகவோ வெள்ளையாகவோ தூள் படிந்திருந்தால் அங்கே ஈரம் புகுந்திருக்கிறது. சின்ன கம்பி பிரஷ்ஷால் மெதுவாகச் சுரண்டி, தூளை ஊதி வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் புது வயர் போட்டால் பழைய தொந்தரவே திரும்பும்.

கழற்றிய வயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மீட்டருக்கு 16 கிலோஓம் என்பது மாஸ்டா கணக்கு. அளக்கும்போது வயரை வளைத்துப் பாருங்கள், எண் குதித்தால் உள்ளே அறுந்திருக்கிறது. காயிலை 1-4 முனைகளுக்கு நடுவிலும் 2-3 முனைகளுக்கு நடுவிலும் அளக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

குழிக்குள் பாருங்கள்

பிளக்கைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்து, அது உட்கார்ந்திருக்கும் குழிக்குள் பாருங்கள். மண், தூசி இருந்தால் ஏர் அடித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிளக் கழன்றதும் நேராக சிலிண்டருக்குள் விழும். ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். ஆயிலில் ஊறிய பூட் உப்பி, மென்மையாகி, காப்புத் திறனை இழக்கும். வயர் கெட்டதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம். துணியைக் குச்சியில் சுற்றி ஆயிலை ஒற்றி எடுத்து, கேஸ்கெட்டை மாற்றிய பிறகே புது வயரைப் போடுங்கள். கவர் போல்ட்டுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு மேல் முறுக்காதீர்கள்.

பிளக்குகளைக் கழற்றி 1, 2, 3, 4 என்று வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பு நிறமென்றால் நலம். ஒன்று மட்டும் கரிப்பிடித்துக் கருப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் பொறி பலவீனம். அதோடு வெள்ளைப் பீங்கானையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கருங்கோடு தெரிந்தால், பொறி உள்ளே போகாமல் பீங்கான் மேலேயே ஓடியிருக்கிறது. அந்தக் கோடு கார்பன், மின்சாரம் கடத்தும். இந்தப் பிளக்கின் மேல் புது வயரைப் போட்டால் பொறி அதே வழியில் ஓடிப் புது பூட்டையும் கருக்கிவிடும். பூட்டில் கோடு விழுந்து, பிளக் மட்டும் புதிதானாலும் இதே கதைதான். இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

போடுவது

பெட்டியில் வந்த பிளக்கானாலும் இடைவெளியை அளந்துவிடுங்கள். 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். ராட்செட் இல்லாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரலால் சுற்றி பிளக்கை இறக்குங்கள். தடங்கல் வந்தால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள், மரையோடு மல்லுக்கட்டக் கூடாது. கடைசி இறுக்கம் 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. என்ஜிகே வேண்டாம் என்கிறது, நானும் தடவுவதில்லை. மரை வழுக்கும்போது அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

டைஎலெக்ட்ரிக் கிரீஸைப் பூட்டின் உள்வாயில் மெல்லியதாகப் பூசுங்கள். உலோக முனையில் தேவையில்லை. பிறகு 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். காயில் பக்கம் ஒரு சிக்கல் உண்டு: உட்கார்ந்துவிட்டது என்று கையை எடுத்தால் பூட் மெல்ல மேலே எழும்பும். உள்ளே மாட்டிய காற்று தள்ளுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைப் பூட்டின் ஓரமாகச் செருகி, அழுத்திக்கொண்டே அதை உருவினால் காற்று வெளியேறும், பூட் அப்படியே நிற்கும்.

வயர்களை அவற்றின் கிளிப்பில் மாட்டி, ஒன்றோடொன்று உரசாமல் விடுங்கள். ஸ்டார்ட் செய்து, ஐடில் சீரானதும் ஒரு ஓட்டம் போய் அதே டாப் கியர், அதே மெதுவான வேகத்தில் மிதித்துப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

படித்தவர்களில் சிலர், குழி காய்ந்திருக்கிறது, ஆனால் இன்ஜினின் பின்பக்கம் ஆயில் வடிகிறதே என்று கேட்டிருந்தார்கள். காயிலுக்குப் பக்கத்தில், கேம்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கைப் பாருங்கள். சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தும் முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருப்பினால் டைமிங் மாறும். மாட்டிய பிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி பிடிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்) காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் ஒருவர் இதே முறை தனக்குப் பொருந்துமா என்று எழுதியிருந்தார். பிளக் பக்கம் எல்லாம் பொருந்தும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பதால் எந்த வயரும் இடம் மாறக் கூடாது. அதற்குள் இருக்கும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, பொறி அடிக்கும் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் ரோட்டாரையும் வயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். கேப்பைக் கழற்றியதும் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள், பிளக்கில் சொன்ன அதே கருங்கோடு அங்கேயும் ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருக்கலாம்.