பிரின்ஸ் ஏன் ஓட மறுக்கிறான்? பழைய கேம்களைத் தேடி ஆடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் அக்கா மகன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். "மாமா, நீங்க சொன்ன பிரின்ஸ் ஓடவே மாட்டேங்குது." இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்று திரையில் ஒரு செய்தி. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, அதற்குள் மூன்று தளங்களிலிருந்து மூன்று முறை இறக்கிப் பார்த்திருக்கிறான். கோப்பில் ஒரு கோளாறும் இல்லை.

பெரும்பாலானவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற இந்தக் கேம், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு 1990இல் வந்த 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸில் அதை ஓட்டும் பகுதியே கிடையாது, விண்டோஸ் 11 வருவதோ 64-பிட்டாக மட்டும். வலது கிளிக் செய்து 'விண்டோஸ் 95 போல இயக்கு' என்று மாற்றினாலும் பலன் இல்லை. அந்த வசதி 32-பிட் விண்டோஸ் கேம்களுக்குச் சில சமயம் கைகொடுக்கும், டாஸ் கேமுக்கு உதவாது. கேமைத் திருத்தப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது கேட்கிற பழைய கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் டாஸ்பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர், அதாவது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் நிரல், இருக்கிறது.

டாஸ்பாக்ஸில் மவுண்ட் கட்டளை மூலம் கேம் இருக்கும் ஃபோல்டரை சி டிரைவாகக் காட்டுவோம். அவசரத்தில் முழு ஹார்ட் டிஸ்க்கையும் காட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு கோப்பை அழித்தால் உங்கள் உண்மையான கோப்பே அழிந்துபோகும். தனி ஃபோல்டர் ஒன்று போதும். பெயரை எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வையுங்கள், டாஸின் கணக்கு அதுதான்.

சரி, கேம் ஓடிவிட்டது. ஆனால் மின்னல் வேகத்தில் ஓடுகிறது, இல்லையென்றால் இழுத்து இழுத்து ஓடுகிறது. பலர் இங்கே வெறுத்துப்போய் மூடிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் நேரத்தை அளக்கக் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒன்றும் செய்யாத ஒரு சுற்றை இத்தனை ஆயிரம் தடவை சுற்று, அப்புறம் அடுத்த அடி எடுத்து வை என்று எழுதிவிடுவார்கள். எழுதியவரின் கம்ப்யூட்டரில் அது சரியான நடை. பத்து மடங்கு வேகமான கம்ப்யூட்டரில் அதே ஆள் பத்து மடங்கு வேகத்தில் பாய்வான். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களில் இது இன்னும் மோசம். தொடங்கும்போது அவை கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து ஒரு எண்ணை வகுத்துப் பார்க்கும். வேகமான பிராசஸரில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. உடனே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடும்.

டாஸ்பாக்ஸில் இதற்கு மருந்து, அது எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் சைக்கிள் என்ற அளவு. ஏறத்தாழச் சொன்னால் 3000 சைக்கிள் ஒரு சாதாரண 386 பிராசஸர், 6000 நல்ல 386, 25,000 போனால் அதற்கடுத்த 486. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்11 தட்டினால் குறையும், எஃப்12 தட்டினால் கூடும். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று உச்சத்தில் வைப்பதுதான் தவறு. கேம் வந்த வருடத்தைப் பாருங்கள், அந்த வருடத்துக் கம்ப்யூட்டரின் அளவில் தொடங்குங்கள், பிறகு சில நூறு சைக்கிள்களாக மாற்றுங்கள். இளவரசன் ஓடிவந்து விளிம்பைத் தாவிப் பிடிக்கும் இடத்தில் விரலுக்கும் அவன் கைக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும், சரியான எண் கிடைத்துவிடும்.

அவன் குட்டையாகத் தெரிகிறானா? அந்தக் கேம்கள் 320 x 200 புள்ளிகளில் வரையப்பட்டு, 4:3 மானிட்டரில் சற்று நீட்டிக் காட்டப்பட்டவை. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள், நிமிர்ந்து நிற்பான். முழுத்திரைக்கு அகலமாக இழுக்க மட்டும் வேண்டாம்.

விண்டோஸ் 95, 98 காலத்து சிடிக்களில் சிக்கல் வேறு மாதிரி. பல சிடிக்களில் கேம் 32-பிட்டாக இருக்கும், அதை நிறுவுகிற செட்டப் மட்டும் 16-பிட். செட்டப் திறக்கவில்லை என்றதும் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில கேம்கள் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலே ஓடும். இன்னும் சிலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருக்கும். பாதுகாப்புக் காரணத்துக்காக அதன் டிரைவரை 2015இல் வந்த விண்டோஸ் 10 ஏற்க மறுத்தது. இதைத் தாண்டுவதற்கு, தடுப்பை உடைக்கும் 'கிராக்' கோப்பைத் தேடிப் போய்த்தான் நிறையப் பேர் வைரஸை வாங்கிவருகிறார்கள்.

எங்கே இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு டாஸ் கேம் பெரும்பாலும் சில எம்பிதான். ஃப்ளாப்பியே 1.44 எம்பி. அதை இறக்க ஒரு 'டவுன்லோடர்' நிறுவச் சொல்கிற தளத்தை அப்போதே மூடிவிடுங்கள். கைவிடப்பட்ட கேம் என்பதால் இலவசம் என்று சொல்வதும் சரியில்லை. விற்பனை நின்றாலும் பதிப்புரிமை நிற்பதில்லை. 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடையில் பல கேம்கள் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்பனைக்கு இருக்கின்றன. முதலில் அங்கே பாருங்கள். டூம் கேமின் முதல் பகுதி 1993இல் வந்தபோதே இலவசமாகப் பகிர அனுமதிக்கப்பட்டது.

கேம் கிடைத்ததும் கையேட்டை மறந்துவிடுகிறோம். பிரின்ஸில் முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகள் போட்ட மருந்துக் குப்பிகள் வரும். கையேட்டின் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். அந்த எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போக முடியும். அக்கா மகன் அங்கேதான் அன்றைக்கு மறுபடி மாட்டிக்கொண்டான். கையேட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினோம்.

பரணில் ஃப்ளாப்பியோ சிடியோ கிடந்தால் இந்த வாரமே படிமக் கோப்பாக, அதாவது முழு வட்டையும் ஒரே கோப்பாக, நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். பிரின்ஸை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய அதன் மூலநிரல் தொலைந்தே போனதாக நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா அலமாரியின் உள்ளே இருந்த ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். பழைய கருவிகளை வைத்து ஆர்வலர்கள் அதைப் படித்தெடுக்க, அந்த ஆண்டே மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியானது.