அமெரிக்க ரெசிடென்சி மேட்ச்: புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறை

இந்தியாவிலோ இலங்கையிலோ மருத்துவம் முடித்து, அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பெறும் முதுநிலைப் பயிற்சிக்கு, முயலும் இளம் மருத்துவர்கள் மார்ச் மாதத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்கள். மருத்துவர்களின் விருப்பத்தையும் மருத்துவமனைகளின் விருப்பத்தையும் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச்சில், அவர்களைப் போன்றவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது என்பதே அது. 2025-இல் அந்த எண் 58.0 விழுக்காடு. நூறு பேரில் 58 பேருக்கு இடம் கிடைக்கிறது என்றால் நமக்கும் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல லட்சம் ரூபாயும் சில ஆண்டுகளும் செலவாகும் முடிவை இந்த ஒற்றை எண்ணை நம்பி எடுக்கக் கூடாது. மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. தன் அறிக்கைகளை இலவசமாகவே வெளியிடுகிறது. அவற்றை இந்த வரிசையில் படியுங்கள்.

படி 1: உங்கள் வரிசையைக் கண்டுபிடியுங்கள்

என்.ஆர்.எம்.பி.யின் முடிவு அட்டவணையில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள், அதாவது ஐ.எம்.ஜி.க்கள், இரண்டு வரிசைகளில் இருப்பார்கள்: அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள். படித்த கல்லூரி எந்த நாட்டில் இருக்கிறது என்பதே ஐ.எம்.ஜி.யா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்து சென்னையில் எம்.பி.பி.எஸ். படித்தவர் முதல் வரிசை. மதுரையில் பிறந்து அங்கேயே படித்தவர் இரண்டாவது. 2025-இல் முதல் வரிசைக்கு 67.8 விழுக்காடு, இரண்டாவதற்கு 58.0. இரண்டையும் கலந்து சொல்லும் எந்த எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: எத்தனை பேரில் என்று கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். 2025-இல் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்கள் 11,465 பேரில் 6,653 பேர் இடம் பெற்றார்கள். வகுத்தால் 58.0 வருகிறது. ஆனால் அந்த 11,465 பேர் யார்? நேர்காணல்களை முடித்து, தாங்கள் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி, ரேங்க் பட்டியலை உறுதிசெய்து சமர்ப்பித்தவர்கள் மட்டும்.

விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூடக் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் பட்டியலே தருவதில்லை. அவர்கள் இந்தக் கணக்கில் தோல்வியாகப் பதிவாவதில்லை, கணக்கிலேயே இல்லை. அந்த ஆண்டு எல்லா வகையினரும் சேர்த்து மேட்ச்சுக்குப் பதிவு செய்தவர்கள் 52,498 பேர். பட்டியல் தந்தவர்கள் 47,208 பேர். இடையில் விலகிய 5,290 பேருக்கும் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனாலும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், தன் வாய்ப்பு 58 விழுக்காடு என்று சொல்லிக்கொள்ள இதில் எந்த ஆதாரமும் இல்லை. நேர்காணல் வரை வந்து சேர்ந்தவர்களின் விகிதம் அது.

படி 3: ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டு எண்களையும் பாருங்கள்

2023-இல் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்கள் 8,469 பேர் பட்டியல் தந்து 5,032 பேர் இடம் பெற்றார்கள்: 59.4 விழுக்காடு. இரண்டே ஆண்டில் இடம் பெற்றவர்கள் 1,621 பேர் கூடியிருக்கிறார்கள், விகிதமோ குறைந்திருக்கிறது. போட்டியிட்டவர்கள் 2,996 பேர் கூடியதே காரணம். "இந்த முறை சாதனை எண்ணிக்கை" என்ற செய்தியும் "வாய்ப்பு சரிந்தது" என்ற செய்தியும் ஒரே அட்டவணையிலிருந்து வர முடிகிறது, இரண்டும் உண்மை.

படி 4: துறைவாரி எண்களில் எது எது என்று பிரியுங்கள்

ஒரு துறையின் இடங்களில் ஐ.எம்.ஜி.க்கள் எத்தனை விழுக்காடு நிரப்பினார்கள் என்பது ஒன்று. அத்துறைக்கு முயன்ற ஐ.எம்.ஜி.க்களில் எத்தனை விழுக்காட்டினர் வென்றார்கள் என்பது வேறு. ஒரு கற்பனைக் கணக்கு: நூறு இடங்களில் முப்பதை ஐ.எம்.ஜி.க்கள் பெற்றார்கள். முயன்றவர்கள் நாற்பது பேர் என்றால் அது நல்ல துறை. முந்நூறு பேர் என்றால் கடினமான துறை. முதல் விகிதம் இரண்டிலும் முப்பதேதான். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்), குடும்ப மருத்துவம், குழந்தைகள் மருத்துவம் ஆகியவை ஐ.எம்.ஜி.க்களுக்கு அதிகம் திறந்திருக்கின்றன. தோல் மருத்துவமும் எலும்பு அறுவை சிகிச்சையும் மிகக் குறுகிய வாசல்கள்.

இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். ஓராண்டு மட்டுமே நீடிக்கும் ப்ரிலிமினரி இடமும் மேட்ச் என்றே எண்ணப்படும். அறுவை சிகிச்சையில் ப்ரிலிமினரி இடம் மட்டும் பெற்றவர் அடுத்த ஆண்டுக்கான இடத்தை மறுபடி தேட வேண்டும். முழுப் பயிற்சிக்கான கேட்டகாரிக்கல் இடங்களின் வரிசையைத் தனியாகப் படியுங்கள்.

படி 5: சார்ட்டிங் அவுட்கம்ஸ் அறிக்கை

இதுவும் என்.ஆர்.எம்.பி. வெளியிடுவதுதான். இடம் பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகியோரின் தேர்வு மதிப்பெண், ஆய்வு அனுபவம், ரேங்க் செய்த இடங்களின் எண்ணிக்கை எல்லாம் துறைவாரியாக இதில் இருக்கும். ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி 26 முதல் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. எனவே பழைய பதிப்புகளில் உள்ள ஸ்டெப் 1 மதிப்பெண்களை உங்கள் இலக்காக வைக்காதீர்கள். அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே.யின் வரைபடத்தைப் பாருங்கள்.

நீண்ட ரேங்க் பட்டியல் தந்தவர்கள் அதிகம் வென்றிருப்பதும் அங்கே தெரியும். நேர்காணல் நடத்தாத மருத்துவமனையின் பெயரைச் சேர்த்துப் பட்டியலை நீட்டுவதால் பயனில்லை. அந்த நீளம் கிடைத்த நேர்காணல்களின் நிழல்.

படி 6: விசா

மேலே சொன்ன விகிதம் எல்லா விசா நிலையினரையும் சேர்த்துச் சொல்லப்படுவது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு மருத்துவமனையின் இணையதளத்திலும் ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) மட்டுமா, எச்-1பி-யும் (வேலை விசா) தருகிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எச்-1பி வேண்டுமென்றால் உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வையும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதற்கான மாதங்களை இப்போதே உங்கள் கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.