குழந்தையின் முதல் சொல்: எதைக் கவனிப்பது, எப்படித் துணை நிற்பது

குழந்தை எப்போது பேசத் தொடங்கும் என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் 10 முதல் 14 மாதங்களுக்குள் முதல் சொல்லைச் சொல்லிவிடும் என்பதே சுருக்கமான பதில். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பெற்றோருக்குப் பயன் குறைவு. வாயிலிருந்து சொல் வெளிப்படுவதற்கு முன்பே குழந்தை பல படிகளை ஏறி வந்திருக்கும். அந்தப் படிகளை அடையாளம் காணத் தெரிந்தவருக்குத்தான், இன்னும் காத்திருக்கலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதும் தெரியும்.

இரண்டு மூன்று மாதங்களில் 'ஊ', 'ஆ' என்று உயிரொலிகளை இழுக்கும் குழந்தை, ஆறாவது மாதத்துக்குப் பிறகு 'பபபப', 'மமமம', 'ததத' என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளை அடுக்கத் தொடங்குகிறது. உதடுகளை மூடித் திறந்தாலே பிறந்துவிடும் ஒலிகள் என்பதாலும், எதிரில் பேசுபவரின் உதட்டசைவைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதாலும், மகரமும் பகரமும் முந்திக்கொள்கின்றன. ழகரமும் றகரமும் பல ஆண்டுகள் கழித்துத்தான் சரியாக அமைகின்றன. ஏழாம் மாதத்தில் கேட்கும் 'ம்மா' பெரும்பாலும் அம்மாவைக் குறிப்பதில்லை. வெறும் ஒலிப் பயிற்சிதான். வீட்டில் இதைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஏற்கவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஒலிக்குக் கிடைக்கும் சிரிப்பும் அணைப்பும்தான் பின்னாளில் அதைப் பொருளுள்ள சொல்லாக மாற்ற உதவுகின்றன.

அப்படியானால் எதைச் சொல் என்று கணக்கில் கொள்வது? குழந்தை ஒரே ஒலியை, ஒரே பொருளுக்கு, பிறர் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே, வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்தினால் அது சொல்தான். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுபோகிறது. பதினொரு மாதக் குழந்தை தவழ்ந்து சென்று குனிந்து பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் திரும்பி 'ப்பூ' என்கிறது. மறுநாள் அலமாரியின் மேல் இருக்கும் பந்தைப் பார்த்தும் அதே 'ப்பூ' வருகிறது என்றால், அந்தக் குழந்தை பேசத் தொடங்கிவிட்டது. பூனையைக் கண்டு 'மியா' என்பதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். பிறகு ஆட்டையும் மாட்டையும்கூட 'மியா' என்றே அழைத்தால் கவலை வேண்டாம். கையில் இருக்கும் ஒரு சொல்லைக் கொண்டு பல பொருள்களைச் சமாளிப்பது இந்த வயதில் இயல்பு.

சொல்லுக்கு முன்னால் வரும் அறிகுறிகளில் நான் மிகவும் மதிப்பது விரல் நீட்டிக் காட்டுவதைத்தான். ஏறக்குறைய ஒரு வயதில், பறவையையோ விளக்கையோ சுட்டிக்காட்டிவிட்டு, நீங்களும் அதைப் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, உரையாடல் என்றால் என்னவென்று ஏற்கெனவே அறிந்திருக்கிறது. புரிந்துகொள்வது எப்போதும் பேசுவதற்கு முன்னே ஓடும். 'பந்து எங்கே?' என்றதும் கண்கள் பந்தைத் தேடினால், அந்தச் சொல் உள்ளே சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பெற்றோர் செய்யக்கூடியவற்றில் மிகக் கடினமானது சும்மா இருப்பதுதான். நாம் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு நொடிகூடப் பொறுக்காமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். ஒன்றைச் சொன்ன பிறகு, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளியில் ஒரு முனகலோ, கையசைவோ, பார்வையோ வரும். அதையே பதிலாக ஏற்றுக்கொண்டு நீங்கள் பேச்சைத் தொடருங்கள். உங்களுக்குப் பிடித்த பொம்மையைக் காட்டிப் பெயர் சொல்வதைவிட, குழந்தையின் கண் அப்போது எதன் மேல் இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்வது நல்லது. குழந்தை 'ப்பூ' என்றால், 'பந்து சொல்லு' என்று திருத்தாமல், 'ஆமாம், பந்து! பெரிய பந்து' என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று தண்ணீர்க் குவளையைப் பிடித்துவைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அதனால் பேச்சு பரீட்சையாகிவிடுகிறது. குரலைச் சற்று உயர்த்தி, இழுத்து, கொஞ்சலாகப் பேசுவதில் தவறே இல்லை. குழந்தைகள் அத்தகைய பேச்சைத்தான் கூர்ந்து கேட்கின்றன.

பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். ஒரு வயதுக் குழந்தை திரையின் முன் உட்கார்ந்து நேரம் கழிப்பதை உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் இரண்டு மொழிகள் பேசப்பட்டால் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ணுங்கள்.

முதல் சொல்லுக்குப் பின் சில மாதங்கள் வேகம் குறைவாகவே இருக்கும். பல குழந்தைகளிடம் ஒன்றரை வயதை ஒட்டிச் சொற்கள் மளமளவென்று பெருகும். இரண்டு வயதுக்குள் 'அம்மா வா', 'பந்து தா' என்று இரண்டு சொற்கள் இணையும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

பத்து மாதம் ஆகியும் அசையொலிகள் வராவிட்டாலும், ஒரு வயதில் சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகள் இல்லாவிட்டாலும், 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாவிட்டாலும், இரண்டு வயதில் சொற்கள் இணையாவிட்டாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வந்த சொற்களோ சைகைகளோ மறைந்துபோனால், எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது. 'அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்ற ஆறுதல் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகாது. முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. கதவு அடித்துச் சாத்தப்பட்டால் திரும்பிப் பார்க்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெரிய சத்தத்தைக் கேட்கும் காதுக்குக்கூட, பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். பிறந்தபோது செய்த சோதனையில் தேறிய குழந்தைக்கும், நடுக்காதில் நீர் தேங்குவதாலோ வேறு காரணத்தாலோ பின்னர் கேட்கும் திறன் குறையக்கூடும்.

மருத்துவரிடம் போகும்போது, குழந்தை சொல்லும் ஒலிகளைத் தேதியோடும், எதைப் பார்த்துச் சொன்னது என்ற குறிப்போடும் எழுதிவைத்த தாளையும், வீட்டில் விளையாடும்போது கைபேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளியையும் கொண்டு செல்லுங்கள். புதிய இடத்தில், புதிய முகத்தின் முன் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை.