ஹார்ஸ்டூத் கரையின் லோரி பூங்கா: வரலாறு படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு மேற்கே, ராக்கி மலையடிவாரத்தில் ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. அதன் மேற்குக் கரையில் உள்ளது லோரி மாநிலப் பூங்கா. இந்தப் பூங்காவின் வரலாற்றை நீரிலிருந்து படிக்கத் தொடங்குவதே முதல் தவறு. பலர் இந்த நீர்த்தேக்கத்தை இயற்கை ஏரி என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் இது 1946 முதல் 1949 வரை நான்கு அணைகள் கட்டி மறிக்கப்பட்ட பள்ளத்தாக்கு. மலைத்தொடருக்கு மேற்கே கொலராடோ ஆற்றுப் படுகையிலிருந்து 13.1 மைல் நீளமுள்ள ஆல்வா ஆடம்ஸ் சுரங்கம் வழியாகக் கிழக்கே கொண்டுவரப்படும் நீர், வறண்ட சமவெளியின் பாசனத்திற்காக இங்கே தேக்கப்படுகிறது. படகும் மீன்பிடிப்பும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே கோடையின் கடைசியில் கரை சேறாகப் பின்வாங்குவதைப் பராமரிப்புக் குறை என்று பழிக்க வேண்டாம். நீர் வயலுக்குப் போயிருக்கிறது.

நீருக்கடியில் ஸ்டவுட் என்ற ஊர் அப்படியே உறங்குவதாகச் சொல்வது அடுத்த தவறு. அது மணற்கல் வெட்டியவர்களின் ஊர். கட்டடங்களில் சிமென்ட் கல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் ஊர் தேயத் தொடங்கியது. நீர் வந்தபோது அங்கே மூழ்குவதற்கு மிச்சமிருந்தது கொஞ்சமே.

குடியேற்றக் காலத்தைப் பற்றித்தான் பிழைகள் மிகுதி. குடியேறிகளுக்கு அரசு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கரை இலவசமாக அள்ளிக் கொடுத்தது என்பார்கள். பதிவுக் கட்டணம் செலுத்தி, வீடு கட்டி, உழுது, ஐந்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்து, அதை இரு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பித்த பிறகே பட்டா கிடைத்தது. காத்திருக்க விரும்பாதவர் ஆறு மாதத்திற்குப் பின் ஏக்கருக்கு 1.25 டாலர் செலுத்தி வாங்கிக்கொள்ளவும் சட்டம் இடமளித்தது. இதிலிருந்து ஒரு நுட்பமான சிக்கல் பிறக்கிறது. பட்டாவில் உள்ள ஆண்டையே குடியேறிய ஆண்டாக எழுதிவிடுகிறவர்கள், அந்தக் குடும்பம் பனியிலும் வறட்சியிலும் கழித்த முதல் ஐந்தாண்டுகளையோ அதற்கும் மேலான காலத்தையோ வரலாற்றிலிருந்து துடைத்துவிடுகிறார்கள். பட்டாவில் பெயருள்ளவரே கடைசிவரை அங்கு வாழ்ந்தார் என்பதற்கும் உறுதியில்லை. பட்டா கைக்கு வந்ததும் விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. குடியேறிகள் எல்லாரும் ஆண்கள் என்ற எண்ணமும் தவறு. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தம் பெயரிலேயே நிலம் கோரச் சட்டம் இடம் தந்தது.

மலையடிவாரத்தில் கண்ணில்படும் பழைய பண்ணைகள் ஒவ்வொன்றையும் ஒரு ஹோம்ஸ்டெட் (அச்சட்டப்படி ஒரு குடும்பம் பெற்ற நிலம்) என்று கணக்கிடுவதும் பொருந்தாது. மழை குறைந்த இந்த மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்தின் கால்நடைக்குப் போதாது. அதனால்தான் 1909இல் 320 ஏக்கர், 1916இல் மேய்ச்சலுக்காக 640 ஏக்கர் எனச் சட்டமே அளவை உயர்த்த வேண்டியிருந்தது. பிழைத்து நின்ற பண்ணைகள் பெரும்பாலும் பல சிறு நிலங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தவை. லோரி பூங்காவாக மாறியதும் ஒரு கால்நடைப் பண்ணை நிலமே. பெயரைப் பார்த்து லோரி என்பவரை அதன் உரிமையாளராக்கிவிட வேண்டாம். சார்லஸ் லோரி 1909 முதல் 1940 வரை ஃபோர்ட் காலின்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவராக இருந்தவர். பூங்கா 1967இல் அமைக்கப்பட்டு, 1975இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

நிலம் ஆளின்றிக் கிடந்தது என்று தொடங்கும் எந்த விவரிப்பையும் நான் நம்புவதில்லை. 1851ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கை இப்பகுதியை அரப்பாஹோ, ஷையென் என்ற பூர்வகுடி மக்களின் நிலமாக ஏற்றது. 1861இல் ஃபோர்ட் வைஸ் உடன்படிக்கை அதைப் பறித்து அவர்களை ஒரு சிறு பரப்பில் ஒடுக்கியது. அதற்கு மறு ஆண்டு வந்ததுதான் ஹோம்ஸ்டெட் சட்டம்.

நேரில் செல்வோர் செய்யும் தவறு எளியது: பூங்காவையும் நீர்த்தேக்கத்தையும் ஒரே நிர்வாகம் என்று கொள்வது. பூங்கா மாநிலத்தினுடையது, நீர்த்தேக்கத்தின் பொழுதுபோக்கு இடங்களை லாரிமர் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்துகிறது. நுழைவுச் சீட்டுகளும் வேறு. படகை இறக்க வேண்டுமானால் லோரிக்குப் போகாமல், கவுண்டியின் சவுத் பே அல்லது இன்லெட் பே பகுதிக்குச் செல்ல வேண்டும். பழைய பண்ணைகளின் துருப்பிடித்த ஆணியையோ உடைந்த கண்ணாடியையோ எடுத்துப் பையில் போடக் கூடாது. அது கிடந்த இடத்தை வைத்தே வீடு எங்கே, தொழுவம் எங்கே என்று ஆய்வாளர் கணிக்கிறார்.