மாடல் ரயில் இன்ஜின்கள்: ஓட்டுவதும் ஓட்டக் கொடுப்பதும்

மாடல் இன்ஜினைப் பெட்டியை விட்டு எடுக்காமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு பாதிதான் சரி. பெயின்ட் பத்திரமாக இருக்கும். உள்ளே கியரில் இட்ட கிரீஸ் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். மோட்டாரின் எண்ணெய் பிசினாகும், சக்கரம் கறுத்துப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடும் இன்ஜின்தான் கேட்டபோது ஓடும். தனியாக ஓட்டுவதைவிட நாலு பேர் கூடி ஓட்டும்போதுதான் களை கட்டும். ஆனால் அடுத்தவர் கையில் கொடுக்கும்போது சிக்கல்களும் கூடவே வரும். இரண்டு இன்ஜின்கள் ஒரே முகவரியில் (கட்டளை எண்ணில்) ஓடும், கைப்பிடிக் கம்பி ஒடியும், நீள இன்ஜின் குறுகிய வளைவில் தடம் புரளும். இவற்றில் பெரும்பாலானவற்றை விருந்தினர் வருமுன்பே தடுத்துவிடலாம்.

இங்கே சொல்பவை எச்ஓ அளவுக்கானவை: 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டனின் ஓஓ (1:76) அதே தண்டவாளத்தில் ஓடுவதால் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும், ஆனால் இந்திய இன்ஜின்களின் எச்ஓ மாடல்களும் 16.5-இல்தான் ஓடுகின்றன. பார்க்க வருபவர் ரயில்வேக்காரராக இருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்கு ஓர் அட்டை

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். வகை, வண்டி எண், டிசியா டிசிசியா, டிசிசி என்றால் முகவரி, ஓடக்கூடிய மிகக் குறைந்த வளைவு ஆரம், கப்ளிங் (இணைப்புக் கொக்கி) வகை, கடைசியாக எண்ணெய் விட்ட தேதி, பிடிப்புக்காகப் போட்ட ரப்பர் வளையம் எந்தச் சக்கரத்தில் என்பவை போதும். (டிசியில் தண்டவாளத்தின் வோல்ட்டேஜ்தான் வேகம். டிசிசியில் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று, தன் முகவரி எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு ஓட்டும்.) விலையை அந்த அட்டையில் எழுத வேண்டாம். ஓட்ட வருபவருக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும்.

வளைவு ஆரத்தை முக்கியமாகக் குறியுங்கள். நாலு அச்சு டீசல் 18 அங்குல (457 மி.மீ.) ஆரத்தில் திரும்பிவிடும். டபிள்யூஏபி 7 போன்ற ஆறு அச்சு மின்சார இன்ஜின் நிஜத்தில் 20.56 மீட்டர், எச்ஓவில் சுமார் 236 மி.மீ. அதற்கு 22 அங்குலம் (559 மி.மீ.) இருந்தால் நல்லது, 24 இருந்தால் இன்னும் நல்லது. 8×4 அடி பிளைவுட்டில் 22 அங்குல ஆரம்தான் கடைசி எல்லை. ஓரத்துக்கு 5 செ.மீ. மிஞ்சும். அந்த ஓரத்தில் 3 அங்குல உயர அக்ரிலிக் பட்டை ஒட்டாமல் யாருக்கும் கன்ட்ரோலரைக் கொடுக்காதீர்கள்.

தூங்கிய இன்ஜினை எழுப்புதல்

வருடக்கணக்கில் கிடந்த இன்ஜினை நேரே 12 வோல்ட்டில் விடக்கூடாது. கையால் தள்ளியும் பார்க்கக்கூடாது. பெரும்பாலான இன்ஜின்களில் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு விசை வார்ம் கியர் வழியாகப் போகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. அழுத்தினால் பிளாஸ்டிக் பல் போய்விடும்.

மேல்கூட்டைக் கழற்றி கியரைப் பாருங்கள். கிரீஸ் மஞ்சளாகி இறுகியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சுக் குச்சியால் முழுதும் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற புது கிரீஸைக் கியர் பல்லில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அச்சுத் தாங்கிகளுக்கும் மோட்டார் தண்டின் இரு முனைகளுக்கும் ஊசி முனையில் நிற்கும் ஒரு துளி எண்ணெய் போதும். அதிகம் விட்டால் அது மோட்டாரில் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டருக்குப் போய் பிரஷ் தூளோடு சேர்ந்து கறுப்புச் சேறாகும். சக்கரத்துக்கு இறங்கினால் தண்டவாளம் முழுக்கப் பரவி எல்லா இன்ஜின்களும் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது இறுகும். பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

பிறகு மல்டிமீட்டரை மின்சுற்றில் தொடராக இணைத்து 10 ஆம்பியர் அளவில் வைத்து, 3–4 வோல்ட் கொடுங்கள். இன்ஜின் அசையாமல் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ஏதோ இறுகிப் பிடிக்கிறது. இப்போதைய மூடிய மோட்டார்கள் பளுவில்லாமல் ஓடும்போது பொதுவாக 0.3 ஆம்பியருக்குள் நிற்கும். பழைய திறந்த மோட்டார்கள் கூடுதலாக இழுக்கும். டிகோடர் உள்ள இன்ஜின் டிசியில் 5–6 வோல்ட் வரை அசையாமல் நிற்கும். அது பழுதல்ல. எல்லாம் சரி என்றால் நடுத்தர வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி.

ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டக், டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் அச்சில் செருகிய பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கலாம். பசை போட்டால் நிற்காது. கியரை மாற்ற வேண்டும். பழைய வார்ப்பு உலோகச் சட்டம் உப்பி, மேலே சிலந்திவலை மாதிரி விரிசல் தெரிந்தால் அது துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் வரும் சிதைவு. மருந்தில்லை. அந்த இன்ஜினை ஓட்டாமல் பார்வைக்கு மட்டும் வையுங்கள்.

சக்கரம் துடைக்க டிஷ்யூ காகிதத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு ஆல்கஹாலால் நனைத்து, ஒரு போகியை (இன்ஜினின் ஒரு முனைச் சக்கரத் தொகுதியை) காகிதத்திலும் மறு போகியை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்திக் கையால் பிடித்தபடி மின்சாரம் கொடுங்கள். சக்கரம் சுழன்று கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாத வரை இடம் மாற்றி மாற்றிச் செய்து, பிறகு இன்ஜினைத் திருப்பி வையுங்கள். உப்புத்தாள் மட்டும் கூடாது; கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

முகவரிதான் பாதிச் சண்டை

கடையிலிருந்து வரும் டிசிசி இன்ஜின் ஏறக்குறைய எல்லாமே முகவரி 3-இல் வரும். மூன்று நண்பர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்தால் ஒரு குமிழைத் திருக மூன்றும் கிளம்பும். அதனால் வீட்டுக்குள் வரும் புது இன்ஜினுக்கு முதல் வேலை முகவரி மாற்றம். வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம் எளிய வழி. டபிள்யூடிஎம் 2 டீசல் எண் 18040 என்றால் 8040. டபிள்யூஏபி 7 எண் 30201 என்றால் 0201, அதாவது 201. இன்ஜின் பக்கவாட்டைப் பார்த்தே யாரும் முகவரியைச் சொல்லிவிடலாம். 100 முதல் 127 வரை உள்ள எண்களைத் தவிருங்கள். அவற்றைச் சில கன்ட்ரோலர்கள் குறுகிய முகவரியாகவும் சில நீள முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் ஓடிய இன்ஜின் நண்பர் வீட்டில் பேசாமல் நிற்பதற்கு இது அடிக்கடி காணும் காரணம்.

முகவரியைத் தனி புரோகிராமிங் தண்டவாளத்தில், ஒரே ஒரு இன்ஜினை வைத்துத்தான் எழுத வேண்டும். அமைப்பு முழுவதையும் புரோகிராமிங் நிலையில் இணைத்துவிட்டால் அதில் நிற்கும் எல்லா இன்ஜின்களுக்கும் அதே முகவரி பதிந்துவிடும். டிகோடரின் அமைப்புகள் சிவி எனப்படும் எண்ணிட்ட இடங்களில் பதிகின்றன. சிவி 29-இல் 34 என்று எழுதினால் நீள முகவரி, 28/128 படி வேகம், டிசியில் ஓடாத நிலை மூன்றும் சேர்ந்து வரும். எங்கேயோ குழம்பிவிட்டால் பெரும்பாலான டிகோடர்களில் சிவி 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். முகவரி மறுபடி 3.

விருந்தினருக்குக் கொடுக்கும் இன்ஜினுக்கு இன்னும் இரண்டு மாற்றங்கள். சிவி 5-ஐ 120 அளவில் வையுங்கள், உச்ச வேகம் பாதியாகும். (வேக அட்டவணை இயக்கத்தில் இருந்தால் சிவி 5 வேலை செய்யாது.) சிவி 3 (வேகம் கூடும் தாமதம்), சிவி 4 (வேகம் குறையும் தாமதம்) இரண்டையும் 5-க்குள் குறையுங்கள். நிஜ ரயில் மாதிரி மெல்ல நிற்க வேண்டும் என்று சிவி 4-ஐ 40-இல் வைப்பது நமக்கு அழகு. குழந்தை பூஜ்யத்துக்குத் திருகியும் நிற்காத இன்ஜின் முன்னால் நிற்பதில் போய் முட்டும். சத்தம் எழுப்பும் இன்ஜின்களில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைத் தவிர மற்றவற்றை மவுனமாக்குங்கள்; பலவற்றில் அதற்கு எஃப்8 பொத்தான். மூன்று டீசல்கள் சும்மா நின்று உறுமினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

டிகோடர் இல்லாத இன்ஜினை யாராவது கொண்டுவந்தால் டிசிசி தண்டவாளத்தில் ஒரு நிமிடம்கூட வைக்க விடாதீர்கள். அதில் எப்போதும் 14–15 வோல்ட் மாறுமின்சாரம் இருக்கும். மோட்டார் நின்ற இடத்தில் ரீங்காரமிட்டுச் சூடாகும்; கோர்லெஸ் (சுழலியில் இரும்பு உள்ளகம் இல்லாத) மோட்டார் சீக்கிரமே எரிந்துபோகும். பழைய டிசி இன்ஜின்களுக்கென்று தனிச் சுற்று ஒன்று வையுங்கள். இரண்டு சுற்றையும் இணைக்கும் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) எதுவும் வேண்டாம்.

வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள்

வட்டமாக ஓடும் ரயிலைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் ரசிப்பதில்லை. அதனால் ஷண்டிங் (வேகன்களைத் தடம் மாற்றி வரிசைப்படுத்தும்) புதிர் வையுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நூக் அமைப்புக்கு இரண்டே பாயிண்ட், மூன்று கிளைப்பாதை போதும். ஒரு கிளையில் 5 வேகன், மற்ற இரண்டில் தலா 3 வேகன் நிற்கும் இடம். இன்ஜின் இழுத்து நிற்கும் பாதையில் இன்ஜினும் 3 வேகனும். 5 வேகனை நீளக் கிளையிலும் 3-ஐ ஒரு குட்டைக் கிளையிலும் நிறுத்துங்கள். எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, அதே வரிசையில் நீளக் கிளையில் ரயிலைச் சேர்க்கச் சொல்லுங்கள். 6,720 வரிசைகள் வரலாம், அலுக்காது.

நீளத்தைச் சரியாக வெட்டுவதில்தான் புதிர் இருக்கிறது. டபிள்யூடிஎம் 2 எச்ஓவில் சுமார் 197 மி.மீ., பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன் சுமார் 123. இழுத்து நிற்கும் பாதை 197 + 3×123 = 566; கூட 20–25 மி.மீ. விடுங்கள். நாலாவது வேகன் நுழைய இடம் இருந்தால் புதிர் செத்துவிடும். மூன்று கிளைகளையும் அதேபோல் அளந்தால், பாயிண்ட்டுகளோடு சேர்த்து 1.8 மீட்டர் பலகையில் அடங்கும். கப்ளிங் எல்லாம் ஒரே வகையாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கலப்படமாக இருந்தால் வேகன்கள் ஒன்றிலொன்று மாட்டாது, மாட்டினாலும் கழலாது. விளையாட்டு அங்கேயே நின்றுபோகும்.

கொடுப்பதற்கு வலுவான, வெளியே கம்பியும் குழாயும் குறைவாக உள்ள இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள். தூக்குவது அடிச்சட்டத்தையோ டீசல் டேங்க்கையோ பிடித்துத்தான், கூரையைப் பிடித்தல்ல. மின்சார இன்ஜின் கூரையில் மின்கம்பியைத் தொடும் பேண்டோகிராஃபைப் பல்குச்சியால் ஏற்றி இறக்கலாம். தடம் புரண்டால் உடையவர் மட்டும் எடுத்து வைப்பார் என்ற ஒரே விதி போதும். நிறைய விதி போட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

அலமாரி

எட்டு இன்ஜின்கள் வெளியே, மற்றவை பெட்டியில், மாதம் ஒருமுறை மாற்றம். கண்ணாடிக் கதவு வேண்டும், நேர் வெயில் கூடாது, சமையலறைப் பக்கம் கூடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே சிறு சீட்டு: வகை, எண், எந்த ஷெட் (இன்ஜின் பராமரிப்பு நிலையம்). ஈரோடு, ராயபுரம், பொன்மலை என்று ஷெட் பெயரைப் பார்த்ததும் வந்தவர் தானே பேச ஆரம்பிப்பார். துணி அலமாரிப் பழக்கத்தில் பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தாக்கக்கூடியது. ஈரத்துக்கு சிலிகா ஜெல் பை போதும், நிறம் மாறினால் உலர்த்திப் போடுங்கள். பழைய பெட்டிகளின் ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசுபிசுத்துப் பெயின்ட்டில் ஒட்டும். அமிலம் இல்லாத மெல்லிய காகிதத்தில் இன்ஜினைச் சுற்றிவிட்டுத்தான் அதில் வைக்க வேண்டும்.

படம் எடுத்து அனுப்புவதென்றால் போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து எடுத்தால் பொம்மையாகத் தெரியும்.

ஓட்டி முடித்ததும் சூடாக இருக்கும் இன்ஜினைப் பெட்டியில் போடாமல் கால் மணி நேரம் வெளியே விடுங்கள். சக்கரத்தை ஒருமுறை துடைத்து, ஓட்டிய தேதியையும் கேட்ட புதுச் சத்தத்தையும் அட்டையில் எழுதி வையுங்கள். இரவல் கொடுப்பதென்றால் நாலு பக்கமும் படம் எடுத்து, கூடவே கழன்று வரும் சிறு பாகங்களை எண்ணி ஜிப் பையில் போட்டு, அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.