பழைய லேப்டாப்பில் வீட்டுக்கு ஒரு வீடியோ சர்வர்

ஆபீஸில் சர்வர் விழுந்தால் நள்ளிரவில் எழுப்பப்படுகிறவன் நான். வீட்டிலும் அதே வேலையா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் குடும்ப வீடியோக்கள் மூன்று போனிலும் நாலு பென் டிரைவிலும் சிதறிக் கிடந்தது பொறுக்காமல், அலமாரியில் தூங்கிய லேப்டாப்பை எடுத்து ஜெல்லிஃபின் போட்டேன். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்ட 2018இல், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. ஒரு கணினியில் உள்ள வீடியோக்களை வீட்டு டிவிக்கும் போனுக்கும் அனுப்பும். யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

லேப்டாப்பில் முதலில் பேட்டரியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்தால் அது உப்பிப்போகலாம். கழற்ற முடிகிற வகை என்றால் கழற்றிவிடுங்கள். மூடியைச் சாத்தினாலும் லேப்டாப் தூங்காதபடி அமைப்பில் மாற்றுங்கள். அப்புறம் ரூட்டருக்குப் போய் இதற்கென்று ஓர் ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இதை அடையாளம் காட்டும் எண்ணை, ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, டிவி சர்வரைத் தேடிக்கொண்டிருக்கும். நிறுவி முடித்ததும் பிரவுசரில் அந்த முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் மீதியை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சினிமாவையும் வீட்டு வீடியோவையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள். சினிமா என்றால் பெயரும் அடைப்புக்குறிக்குள் வருடமும் போதும். போஸ்டர் தானாக வந்துவிடும். வீட்டு வீடியோவுக்குத் தனி நூலகம் உருவாக்கி, அதன் வகையையும் வீட்டு வீடியோ என்றே தேர்ந்தெடுங்கள். நான் செய்யவில்லை. அக்காவின் பிறந்தநாள் வீடியோவுக்கு ஏதோ பேய்ப் படத்தின் போஸ்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா இன்னும் மறக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். சர்வர் இரண்டு விதமாக வேலை செய்யும். டிவிக்குப் புரிகிற வடிவத்தில் கோப்பு இருந்தால் அப்படியே அனுப்பிவிடும். அதற்குப் பழைய லேப்டாப்பே அதிகம். புரியாவிட்டால் ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இதுதான் டிரான்ஸ்கோடிங். லேப்டாப் மூச்சு வாங்குவது இங்கேதான்.

எங்கள் வீட்டில் ஒரு படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சப்டைட்டில் போட்டதும் படம் திக்கியது, லேப்டாப் விசிறி அலறியது. வைஃபைதான் காரணம் என்று நானே முடிவு செய்து இரண்டு மாலைகளை ரூட்டரோடு வீணாக்கினேன். "ஆபீஸ்லயும் இப்படித்தான் பாக்குறியா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. லாக், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவு, பார்க்காமல் காரணம் சொல்லும் ஜூனியரை நான் சும்மா விடமாட்டேன். படம் ஓடும்போது ஜெல்லிஃபினின் டாஷ்போர்டை (நிர்வாகப் பக்கத்தை) திறந்தால் டிரான்ஸ்கோடிங் ஏன் நடக்கிறது என்று அங்கேயே எழுதியிருக்கும். எனக்கு அது சொன்ன காரணம் சப்டைட்டில். புளூரே வட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். டிவிக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டி வீடியோ முழுவதையும் புதிதாக உருவாக்க வேண்டும்.

தீர்வு சின்னதுதான். எழுத்தாக உள்ள எஸ்ஆர்டி கோப்பை வீடியோவின் அதே பெயரில் பக்கத்தில் வைத்து, அதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குறியாக்கமாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

போனில் எடுத்த வீடியோவும் இப்படிப் படுத்தும். இப்போது பல போன்கள் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவு செய்கின்றன, பழைய டிவிகளுக்கு அதற்கு முந்தைய எச்.264தான் தெரியும். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வரிசையாகப் போட்டுவிட்டு இரவு தூங்கப் போங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

கேபிளில் ஒரு பொறி உண்டு. லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைப்பது சரி. ஆனால் பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் (கேபிள் செருகும் இடம்) நொடிக்கு 100 மெகாபிட்தான் தாங்கும். 4கே புளூரேயின் உச்ச வேகம் அதைத் தாண்டிப் போகும். அந்த மாதிரி கனமான கோப்புக்கு டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விடுவதே மேல். சாதாரண வீடியோவுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

டிவியில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: மோஷன் ஸ்மூத்திங். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களை டிவியே கற்பனை செய்து சொருகுகிறது. அதனால்தான் சினிமா சீரியல் மாதிரி தெரிகிறது. அணைத்துவிடுங்கள். டிவியின் பட அமைப்பில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும். வீட்டில் யாராவது முன்பிருந்ததே நன்றாக இருந்தது என்பார்கள். ஒரு வாரம் பேச்சை மாற்றிச் சமாளியுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் பென் டிரைவ்களை அழித்துவிடத் தோன்றும். வேண்டாம். லேப்டாப்பில் இருப்பது ஒரே வட்டு, அதுவும் பழசு. இன்னொரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அதிலிருந்து இரண்டு வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள்.